மெழுகிய இடமெல்லாம் ஈரம்

வலியசாலை,
கொல்லம் 1110 புரட்டாசி 2

அனேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை எழுத மாட்டேன் என்கிறது. ஆகையால் அது இல்லாமலே ஆரம்பிக்கிறேன்.

நேற்று மத்தியானம் எஸ்டேட் வண்டிக்கார நயினார் வாசலில் வந்து நின்றுகொண்டு, "அம்மா, எசமான் குடுத்து விட்டிருக்காரு" என்று ஒரு மூங்கில் கூடையை இறக்கினான். வண்டிக்குள் நீங்களும் இருப்பீர்கள் என்று நினைத்து, தலையை அவசரமாகக் கோதிக்கொண்டு தெருவில் இறங்கி எட்டிப் பார்த்தேன். வண்டியில் இருந்தது வைக்கோல். கூடையில் இருந்தது நாய்க்குட்டி. கறுப்பு நிறம், நெற்றியில் ஒரு வெள்ளைத் திட்டு, என்னைப் பார்த்ததும் ஒரு குரைப்பு.

ஆவணி இருபத்தைந்தாம் தேதி நான் என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? கொல்லைக் கதவுத் தாழ்ப்பாளை ராத்திரி யாரோ அசைத்துப் பார்த்தான், விடிந்து பார்த்தால் கிணற்றடியில் பித்தளைக் குடத்தைக் காணோம், பின்கட்டில் தனியாகப் படுக்க பயமாக இருக்கிறது, என்னை அழைத்துக்கொண்டு போங்கள் என்று எழுதினேன். நாய் வேண்டும் என்று எந்த வரியில் எழுதினேன்? புருஷனைக் கேட்டவளுக்கு நாய்க்குட்டியை அனுப்புகிறவரை நான் இந்த வலியசாலையில் பார்த்ததில்லை.

உங்கள் அம்மா போய் வருஷமும் திரும்பியாயிற்று. "வருஷாப்தீகம் ஆகட்டும், போனக்காட்டுக்கே அழைத்துக்கொண்டு போய்விடுகிறேன்" என்று சொன்னது நீங்கள். ஆவணியில் வந்தீர்கள், காரியத்தை முடித்தீர்கள், மறுநாள் விடியுமுன் கிளம்பிவிட்டீர்கள். நான் போட்ட காபியைக் கூடக் குடிக்கவில்லை. முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசவில்லை.

இனி உங்கள் நாயின் லட்சணத்தைக் கேளுங்கள். ராத்திரி முழுக்க ஊளை. அழுகை நின்ற நேரத்தில் ஈரம். பூஜையறை நிலைப்படியில் ஒன்று, அடுக்களை மூலையில் ஒன்று, கூடத்துத் தூணடியில் ஒன்று. நாலாவதுதான் உச்சம். முன்கட்டு ரேழியில் வீட்டுக்காரர் பிச்சுமணி மாமா மணை போட்டு ஜபம் பண்ணுகிற மூலை! விடியக்காலம் அவர் ஈரத்தில் உட்கார்ந்துவிட்டு எழுந்து போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "அனந்தம், இது அக்ரஹாரமா நாய்ப்பட்டியா? நவராத்திரி ஒண்ணாம் நாள் வரைக்கும் பொறுப்பேன். அன்னிக்கும் வீட்டுக்குள்ள ஈரம் இருந்துதுன்னா நாயும் வேண்டாம், நீயும் வேண்டாம், கேட்டயோ!" என்றார். அவர் அகமுடையாள் நாகு மாமி பின்னால் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

கூடையில் கிடந்த கந்தல் துணியில் கருவாட்டு வாடை. குச்சியால் எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு, சீயக்காய் கொட்டி அலசி, கொல்லையில் உலர்த்தியிருக்கிறேன்.

இன்னும் இருபது நாள்தான் கெடு. ஒன்று நீங்கள் வந்து என்னை அழைத்துக்கொண்டு போங்கள். இல்லாவிட்டால் இதை அழைத்துக்கொண்டு போங்கள்.

அனந்தலக்ஷ்மி


போனக்காடு எஸ்டேட்,
புரட்டாசி 5

சௌபாக்கியவதி அனந்தலக்ஷ்மிக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதம் கிடைத்தது. கடிதமா அது? வக்கீல் நோட்டீஸ். ஆபீஸில் எல்லோர் எதிரிலும் பிரித்துவிட்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றேன்.

உன்னைக் காக்கத்தான் அதை அனுப்பினேன். ஆறு மாதம் போனால் கொல்லைக் கதவுப் பக்கம் ஒருத்தன் அண்ட முடியாது. அதுவரை குட்டி குட்டியாகத்தான் இருக்கும். தாயையும் கூடப் பிறந்தவைகளையும் விட்டுப் பிரிந்து வந்த ஜீவன் அழாமல் பாட்டா பாடும்? உனக்குப் பொறுமை என்பது பிறந்ததிலிருந்தே கிடையாது.

நான் சொல்கிறபடி செய். விளக்கு வைத்ததும் கடைசிச் சாதம் போட்டுவிடு. அதற்கப்புறம் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துவிடு. நீ படுக்கப் போகுமுன் கையில் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லையில் ஒரே இடத்தில் விடு. இன்றைக்குத் தென்னை மரம், நாளைக்கு முருங்கை மரம் என்று மாற்றாதே. அது காரியத்தை முடிக்கிறவரை நில். முடித்ததும் தட்டிக்கொடு. பிறகு நடுராத்திரி ஒரு தரம், கோழி கூவுமுன் ஒரு தரம். படுக்க ஒரு மரப்பெட்டி வை. படுத்தால் உடம்பு கொள்ளுமளவுக்கே பெட்டி இருக்கவேண்டும். தான் படுக்கிற இடத்தை எந்த நாயும் நனைக்காது. பெட்டியை உன் பாயோரமாக வை, உன் மூச்சு கேட்டால் அழாது. அடிக்காதே. மூக்கைப் பிடித்து ஈரத்தில் தேய்க்காதே. நீ தேய்த்திருப்பாய், எனக்குத் தெரியும்.

அந்தத் துணியை ஏன் துவைத்தாய்? அதில் தாயின் வாசனை இருந்தது. அதற்காகத்தானே கூடையில் போட்டது! யாரைக் கேட்டு வெந்நீரில் போட்டாய்? அது எஸ்டேட் கோடவுனில் கிடந்த துணி. இந்த மலையில் அட்டை பிடுங்குகிறது, ஓட்டில் ஒழுகுகிறது, பேச்சுத்துணைக்கு நம்மவர் ஒருத்தர் கிடையாது. இங்கே உன்னை எங்கே கொண்டுவந்து வைப்பது? பங்குனிக்கு மேல் பார்க்கலாம்.

ஸ்ரீகண்டன்


வலியசாலை,
புரட்டாசி 8

நமஸ்காரம்.

பங்குனிக்கு மேல்! போன வருஷம் தைக்கு மேல். அதற்கு முன்னால் உங்கள் அம்மா உடம்பு தேறின மேல். இப்படி மேலே மேலே போய்க்கொண்டிருந்தால் என் தலை நரைத்த மேல்தான்.

ஆம், மூக்கைத் தேய்த்தேன். முதல் நாள் மட்டும். அது என்னை ஏறிட்டுப் பார்த்த பார்வையில் எனக்கே வெட்கமாகப் போயிற்று. அதற்கப்புறம் கை வைக்கவில்லை.

நீங்கள் ஆர்டர் போட்ட பிரகாரம் எல்லாம் செய்தேன். வீட்டில் இருக்கிற ஒரே மரப்பெட்டி கொலுப் பொம்மைப் பெட்டிதான். பொம்மைகளை எடுத்துப் பரணில் வைக்கோலுக்குள் புதைத்துவிட்டு, உங்கள் மகாராஜாவை அதில் படுக்கவைத்தேன். பெட்டி நனையவில்லை, வாஸ்தவம். அழுகையும் குறைந்தது. கையை எடுத்தால் முனகுகிறது. ராத்திரியெல்லாம் ஒரு கையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டு படுக்கிறேன். லாந்தரைத் தூக்கிக்கொண்டு மூன்று தரம் தென்னை மரத்தடிக்குப் போகிறேன். தனியாக இருக்கப் பயம் என்று எழுதியவளைக் கொல்லையிலேயே குடிவைத்துவிட்டீர்கள்.

இத்தனையும் செய்து என்ன? விடியக்காலம் நான் வாசல் தெளிக்கப் போகிற அரை நாழிகையில் பெட்டியிலிருந்து குதித்து, நேராக அதே நாலு இடம். ஐந்தாவது இடம் தெரியாது அதற்கு. சும்மா விட்டேனா? கரைத்த சாணியைக் கொண்டுவந்து நாலு இடத்தையும் அழுத்தி மெழுகி, இழை கோலம் போட்டு, ஒவ்வொரு நாளும் சுத்தமாகத்தான் வைத்திருக்கிறேன். நான் மெழுகுவதைத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மெழுகி முடித்து முதுகைத் திருப்பினால், கோலத்தின் நடுப்புள்ளியில் ஈரம். பிடிவாதம்! எங்கே கற்றது என்று கேட்கவேண்டாம்.

ஒன்று கேட்க மறந்தேன். துணி உலர்ந்ததும் விரித்துப் பார்த்தேன். சிவப்புக் கட்டம் போட்டது, கிழிந்த இடத்தைச் சின்னச் சின்னத் தையலாக யாரோ பொறுமையாக மூட்டியிருக்கிறார்கள். ஒரு பக்கம் முழங்கை அகலத்துக்குப் பட்டை. கோடவுன் துணிக்கு முந்தானை உண்டா?

தயிர் சாதம் போட்டால் முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்க்கிறது. இது எந்த வீட்டில் என்ன சாப்பிட்டு வளர்ந்தது? யாருடைய புடவையில் படுத்து வளர்ந்தது? நேராகப் பதில் எழுதுங்கள்.

அனந்தலக்ஷ்மி


போனக்காடு,
புரட்டாசி 10

ஆசீர்வாதம்.

கந்தல் துணிக்கு ஜாதகம் எழுதிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. கூலியாட்கள் குடியிருக்கிற லயத்தில் எலிசாள் என்று ஒரு கிழவி இருக்கிறாள், விதவை, சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி. அவள் நாய் போட்ட குட்டி அது. துணி அவளுடையது. திருப்திதானா?

மெழுகுவதை முதலில் நிறுத்து. உன் கடிதத்தைப் படித்துச் சொன்னேன். எலிசாள் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தாள். "அய்ய, சாமி! அது மாட்டுத் தொழுவத்துல பொறந்த உசுரு. சாணி வாசம் அடிச்சா இதுதான் நம்ம தொழுவம்னு நெனச்சிக்கிடும். அம்மா மெழுக மெழுக அது நனைக்கத்தான் செய்யும்" என்றாள். சுத்தம் பண்ணுகிறேன் என்று நீயே அதற்கு இடம் காட்டிக்கொண்டிருக்கிறாய். புளித்த காடியை விட்டு நாலு இடத்தையும் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடு. சாணி வீட்டுக்குள் வரவே கூடாது. விடிந்ததும் முதல் வேலை அதைத் தென்னை மரத்தடிக்குத் தூக்கிப் போவது, வாசல் தெளிப்பது அப்புறம்.

வேறு விசேஷம் இல்லை.

ஸ்ரீகண்டன்


வலியசாலை,
புரட்டாசி 14

நமஸ்காரம்.

வேறு விசேஷம் இல்லையா? இருங்கள், விசேஷத்தை நான் எழுதுகிறேன்.

சாணி வீட்டுக்குள் வரக்கூடாது என்று ஆபீஸ் மெமோ மாதிரி எழுதிவிட்டீர்கள். ஸ்வாமி இருக்கிற இடம். நான் பிறந்த நாள்முதல் சாணி படாத தரையில் விளக்கு ஏற்றியதில்லை. முதலில் மனசு கேட்கவில்லை. அப்புறம் நாகு மாமி குளிக்கப் போகிற நேரம் பார்த்துத் திருடி மாதிரி காடியைக் கொண்டுவந்து துடைத்தேன். பூஜையறை நிலைப்படியைத் துடைக்கும்போது அழுகையே வந்துவிட்டது.

முந்தாநாள் ராத்திரி ஒரு சொட்டு இல்லை. நேற்றும் இல்லை. காலையில் நாலு மூலையையும் கையால் தடவிப் பார்த்தேன், காய்ந்து கிடந்தது. அந்தக் கிழவி சொன்னதுதான் சரி. சந்தோஷப்படவேண்டிய நேரம், எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

ஏன் என்று கேட்டால் சொல்கிறேன். என் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டுகிறீர்கள். அவள் உங்கள் எதிரில் நின்று சிரிக்கிறாள். ஹெட் கிளார்க் வீட்டு வாசலில் லயத்துக் கிழவிக்கு என்ன வேலை? நீங்கள் இதுவரை எனக்கு எழுதின புத்திமதி முழுக்க அவள் சொன்னதுதானே? வீட்டில் நாய் வால் பட்டால் மூன்று தரம் ஸ்நானம் பண்ணுகிற மனுஷருக்கு, நாய் எங்கே நனைக்கும், ஏன் நனைக்கும் என்று என்ன தெரியும்!

நேற்று நயினார் சாமான் ஏற்ற வந்தான். மோர் கொடுத்து உட்காரவைத்துக் கேட்டேன். "எனக்கு என்னத்துக்கும்மா வம்பு" என்று தலையைச் சொறிந்தான். நான் விடவில்லை. கடைசியில், "எலிசாள்தானேம்மா எசமானுக்குச் சோறு வடிச்சுக் குடுக்கா! ஆனி மாசம் எசமான் காய்ச்சலிலே கெடந்தப்போ அவ இல்லேன்னா…" என்று ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு மாட்டை அவிழ்க்கப் போய்விட்டான்.

நயினார் வாயால் கேட்டதை நான் கேட்டதாக வைத்துக்கொள்ளப் போவதில்லை. உங்கள் கையால் எழுதுங்கள். நான் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. பிச்சுமணி மாமாவுக்குக் காது நீளம் என்பது உங்களுக்குத் தெரியும். இது அவர் காதில் விழுந்தால் நமக்கு இந்தத் தெருவில் பச்சைத் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது என்பதும் தெரியும். அப்படியிருந்தும் கேட்கிறேன். எழுதுங்கள்.

அனந்தலக்ஷ்மி


போனக்காடு,
புரட்டாசி 16

ஆசீர்வாதம். துரை இன்ஸ்பெக்ஷனுக்கு வருகிறார். மூச்சுவிட நேரமில்லை. வண்டிக்காரன் பேச்சையெல்லாம் நம்பாதே. விவரம் பிறகு.

ஸ்ரீகண்டன்


வலியசாலை,
புரட்டாசி 18

பிறகு என்ன பிறகு? ஆறு ராத்திரியாக ஈரம் இல்லை. நாய்க்குட்டிக்குக் கூடச் சொன்னால் புரிகிறது. நவராத்திரிக்குள் உண்மை வரவில்லை என்றால் தென்காசியிலிருக்கிற என் அண்ணாவை வரச் சொல்லி எழுதிவிட்டு அவனோடு போகிறேன். அப்புறம் நீங்கள் யாருக்கு வேண்டுமானாலும் கடிதம் படித்துக் காட்டிக்கொண்டிருக்கலாம்.


போனக்காடு,
புரட்டாசி 20

அனந்தம்,

துரை வரவில்லை. அது பொய். கோடவுன் துணி பொய். ஓடு ஒழுகுவது மட்டும் நிஜம்.

உண்மை வேண்டும் என்கிறாய் அல்லவா? வாங்கிக்கொள். படித்தபின் என்னைத் திட்டு, அண்ணாவோடு போ, என்ன வேண்டுமானாலும் செய். இதைத் தனியாகச் சுமந்து எனக்கும் அலுத்துவிட்டது.

ஆனி பிறந்த நாலாம் நாள் மலைக்காய்ச்சல் வந்தது. சமையலுக்கு வைத்திருந்த பாலக்காட்டு சுப்பு, எனக்கு நினைவு தப்பின அன்றைக்கே மூட்டையைக் கட்டிக்கொண்டு அடிவாரத்து வித்துராவுக்கு இறங்கிவிட்டான். அன்று பிடித்த மழை ஒன்பது நாள் விடவில்லை. வழியில் மண் சரிந்து வண்டி ஏறவில்லை. கொயினா மாத்திரை இருந்தது, அதை விழுங்க வயிற்றில் ஒன்றும் இல்லை. ஆபீஸ் ஆட்கள் வாசலில் நின்று "சாருக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். உள்ளே வர யோசித்தார்கள். பிராமணன் வீடு, தொடலாமா கூடாதா என்று அவர்களுக்குக் குழப்பம். உள்ளே வந்தது எலிசாள் ஒருத்திதான்.

முதல் நாள் அவள் நீட்டிய கஞ்சியைக் கையால் தள்ளிவிட்டேன். தரையில் கொட்டியது, துடைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாளும் தள்ளினேன். மூன்றாம் நாள் தள்ளக் கையில் பலமில்லை. "சாமி, செத்துப்போனா எந்தச் சாதியும் சொமக்க வராது. இந்த மழையில மலைக்கு ஏற ஒருத்தனும் வரமாட்டான். குடிங்க" என்று அதட்டினாள். குடித்தேன். இருபத்திரண்டு நாள் அவள் கையால் குடித்தேன். என் தலையைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டு புகட்டினாள். குட்டி வந்த துணி, அப்போது எனக்குப் போர்த்தின புடவையில் கிழித்தது.

எழுந்து நடமாடினபின் வேறு சமையற்காரனைத் தேடியிருக்கலாம். தேடவில்லை. உயிர் கொடுத்த கையை, உடம்பு தேறினதும் தீட்டு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இன்றைக்கும் அவள்தான் வடிக்கிறாள். அவள் அடுப்பில், அவள் பாத்திரத்தில்.

அந்த வயிற்றோடு ஆவணியில் வந்தேன். தர்ப்பை மாட்டிக்கொண்டு அம்மாவுக்குப் பிண்டம் வைத்தேன். பக்கத்தில் பிச்சுமணி மாமா உட்கார்ந்து, "ஸ்ரீகண்டா, நீ ஆசாரம் தப்பாத பிள்ளை. உன் அம்மா கொடுத்துவைச்சவள்" என்றார். அங்கேயே எழுந்து சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. நீ தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரில் நின்றாய். சொல்லவில்லை. நீ போட்ட காபியைக் குடிக்காமல் போனதற்கும் அதுதான் காரணம். உன் பாத்திரத்தில் என் வாய் படவேண்டாம் என்று பார்த்தேன். உன்னை இங்கே அழைக்காததற்கும் அதுதான் காரணம். வந்து ஒரு வேளை இந்த வீட்டில் நீ சாப்பிட்டால் நீயும் என்னோடு சேர்ந்து ஆசாரம் கெட்டவள். என் ஒருத்தனோடு இது போகட்டும் என்று நினைத்தேன்.

நீ தாழ்ப்பாள் சத்தத்தைப் பற்றி எழுதின கடிதத்தை வைத்துக்கொண்டு இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்தேன். என்னவென்று கேட்டது எலிசாள்தான். "நீங்க போகலைன்னா ஒரு காவலாவது போகட்டும்" என்று குட்டியைத் தூக்கிக் கூடையில் வைத்தாள்.

இதுதான். இனி உன் இஷ்டம். தென்காசிக்குப் போவதானால் குட்டியை நயினாரிடம் கொடுத்து அனுப்பிவிடு. அங்கேயும் யார் வீட்டிலாவது அடி வாங்கவேண்டாம்.

ஸ்ரீகண்டன்


வலியசாலை,
புரட்டாசி 23

நமஸ்காரம்.

இன்று நவராத்திரி ஒண்ணாம் நாள். உங்கள் கடிதம் நேற்று வந்தது. ராத்திரி மூன்று தரம் படித்தேன். நாலாம் தரம் கிழித்துப் போடலாம் என்று எடுத்தேன். கிழிக்கவில்லை, திரும்பத் திரும்பக் கோபப்பட வேண்டுமே.

கஞ்சி குடித்ததற்கு எனக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் அதற்கில்லை. உங்கள் கடிதங்களை நான் ஒன்று விடாமல் டிரங்குப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். ஆனி மாதத்துக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். நாலே வரி. "இங்கே மழை நன்றாகப் பெய்கிறது. மலையெல்லாம் பச்சை. சௌக்கியம். உன் சௌக்கியத்துக்கு எழுதவும்." எழுத்து கோணிக்கொண்டு பக்கத்தின் ஓரத்துக்கு ஓடியிருக்கிறது. 'சௌக்கியம்' என்கிற இடத்தில் பேனா நின்று மசி பரவியிருக்கிறது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? அந்தக் கடிதத்தை நாகு மாமியிடம் காட்டி, "ஹெட் கிளார்க் கையெழுத்தைப் பாருங்கோ மாமி, ஓடுகிற வண்டியில் எழுதின மாதிரி" என்று சிரித்தேன். நீங்கள் பிராணனைப் பிடித்துக்கொண்டு எழுதினதை வைத்துக்கொண்டு நான் சிரித்தேன்! என்னை அப்படிச் சிரிக்கவைத்தீர்களே, அதை எப்படி மறப்பேன்?

செத்துப் போயிருந்தால் எனக்கு யார் சொல்லியிருப்பார்கள்? நயினாரா? வாசலில் கூடையை இறக்குகிற மாதிரி இறக்கிவிட்டுப் போயிருப்பானா? நான் இங்கே உங்களுக்கு ஆவக்காய் ஜாடி கட்டிக்கொண்டிருந்திருப்பேன். ஒருத்தனோடு போகட்டும் என்று நினைத்தீர்களாம். யாரைக் கேட்டு நினைத்தீர்கள்? அக்கினி சாட்சியாகப் பிடித்த கையை, அட்டை பிடுங்கும் என்று பயந்து விட்டுவிடவா பிடித்தேன்? லயத்துக் கிழவி மழையில் நனைந்துகொண்டு உள்ளே வந்தாள். நான் வரமாட்டேன் என்று நீங்களே தீர்மானம் பண்ணிவிட்டீர்கள். நீங்கள் எனக்குச் செய்த அவமானம் அதுதான், மற்றதெல்லாம் ஒன்றுமில்லை.

பிச்சுமணி மாமாவிடம் போய்ச் சொன்னால் பிராயச்சித்தம் என்பார். பஞ்சகவ்யம் குடி, பூணூலை மாற்று, அவளை இனி வாசலுக்கு வெளியே நிறுத்து என்பார். நான் பத்து நாள் சாணி போட்டு மெழுகிப் பார்த்தவள். மேலே கோலம் அழகாகத்தான் இருந்தது. எனக்கு இனி அது வேண்டாம்.

இன்று காலை மாமா லாந்தரும் கையுமாகப் பரீட்சைக்கு வந்தார். நாலு மூலையிலும் குனிந்து பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். பதினோரு ராத்திரியாக ஒரு சொட்டு இல்லை. "பரவாயில்லையே! நாய் இருந்துட்டுப் போகட்டும் அனந்தம்" என்று பெரிய மனசு பண்ணினார். "நாய் இருக்காது மாமா. நானும் இருக்கமாட்டேன். இருபத்தேழாம் தேதி பின்கட்டைக் காலி பண்ணுகிறேன்" என்றேன். நாகு மாமிக்குக் கையிலிருந்த குங்குமச்சிமிழ் நழுவிவிட்டது. ஏன் என்று கேட்டாள். "அவருக்கு ஆனியில் உடம்பு சரியில்லாமல் இருந்ததாம், இப்போதுதான் தெரிந்தது" என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. இந்த வருஷம் கொலு வைக்கவில்லை. பொம்மைகளைச் சரோஜத்துக்குக் கொடுத்துவிட்டேன். எதிர்வீட்டு மருமகள், ஆசையாக வாங்கிக்கொண்டாள்.

நயினார் வண்டி இருபத்தேழாம் தேதி திரும்புகிறது. நானும் அதில் வருகிறேன். வித்துராவில் ராத் தங்கி மறுநாள் ஏறுவோம் என்றான். வரவேண்டாம் என்று பதில் எழுதி மசியை வீணாக்கவேண்டாம், கடிதம் வருமுன் நான் கிளம்பிவிடுவேன். வந்ததும் சண்டை தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வந்துதான் ஆரம்பம். இத்தனை நாள் காகிதத்தில் அடங்கிக் கிடந்தது.

எலிசாளிடம் சொல்லவேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அந்தத் துணியை வெந்நீரில் போட்டது என் தப்பு. உங்களைப் போர்த்தினது என்று தெரிந்திருந்தால் குச்சியால் எடுத்திருக்கமாட்டேன். அது இப்போது பெட்டியில் குட்டிக்கு அடியில் கிடக்கிறது, மேலே என் பழைய புடவையில் கிழித்த ஒரு துண்டு. இரண்டும் இல்லாவிட்டால் அது படுக்கமாட்டேன் என்கிறது. அவளுக்கு ஒரு புதுப் புடவை வாங்கியிருக்கிறேன், சிவப்புக் கட்டம்தான். என் கையால்தான் கொடுப்பேன், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவைக்காதீர்கள்.

வந்த மறுநாளிலிருந்து சமையல் நான் பார்த்துக்கொள்கிறேன். அவள் உட்கார்ந்து சாப்பிடட்டும். ஆனால் நான் வந்து இறங்குகிற அன்றைக்கு என்னால் அடுப்பு மூட்ட முடியாது. கட்டுச்சாதம் கொண்டுவரப்போவதில்லை. வித்துராவிலும் ஒன்றும் வாயில் வைக்கமாட்டேன், பட்டினியாகத்தான் வந்து இறங்குவேன். எலிசாளைக் கஞ்சி வடித்து வைக்கச் சொல்லுங்கள். உங்களுக்குப் புகட்டின அதே பாத்திரத்தில் எனக்கும் ஊற்றச் சொல்லுங்கள்.

அனந்தலக்ஷ்மி